சிப்பிப்பாறை வளர்க்கப்போகும் மகளுக்கு

அன்பு மகள் கண்மணிக்கு,

கோவில்பட்டிப் பக்கமிருந்து ஒன்றரை வயசுச் சிப்பிப்பாறைப் பெட்டை நாய் ஒன்று உன் பெங்களூரு ஃபிளாட்டுக்கு வரப்போகிறது என்றாய். சந்தோஷம் தாயி. போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும், அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் அதன் குணம். லாப்ரடார் மாதிரி கண்டவர்மேல் எல்லாம் ஏறி விழாது. வீட்டில் ஒருவரை, மிஞ்சினால் இருவரைத் தன் ஆளாக எடுத்துக்கொள்ளும். விருந்தாளி வந்தால் எழுந்து அடுத்த அறைக்குப் போய்விடும். அது குறை இல்லை, அந்த இனத்தின் இயல்பு. பழக்குகிறேன் என்று வருகிறவர் போகிறவரையெல்லாம் தடவச் சொல்லாதே. ஒதுங்குகிற நாயை ஒதுங்க விட்டால் ஒரு வம்பும் இல்லை. மூலையில் மடக்கினால்தான் பல்லைக் காட்டும்.

ஹாலில் ஆள் நடமாட்டம் கண்ணுக்குத் தெரிகிற, ஆனால் யாரும் தாண்டிப் போகாத ஓரமாகப் பார்த்துப் படுக்கையைப் போடு. அதில் படுத்திருக்கும்போது யாரும் தொடக்கூடாது, உன் மகனும்தான். இந்த வகை நாய்களில் சில, தூக்கத்தில் தொட்டால் திடுக்கிட்டுக் கடிக்கப் பாயும்; முதலில் பெயர் சொல்லி எழுப்பு. பழகுகிற நாட்களில் நேருக்கு நேர் குனியாமல், தரையில் பக்கவாட்டாக உட்கார். கண்ணை உற்றுப் பார்க்காதே. வேகவைத்த கோழித் துண்டைக் கொஞ்சம் தள்ளிப் போடு. அதுவாக வந்து மோந்தால் மார்பில் மூன்று நொடி தடவிவிட்டுக் கையை எடுத்துவிடு. திரும்ப வந்து முட்டினால் இன்னும் கொஞ்சம் தடவு. தலையைத் திருப்பிக்கொள்வது, உதட்டை நக்குவது, கண் ஓரத்தில் வெள்ளை தெரிவது, உடம்பு விறைத்து நிற்பது, எல்லாமே ‘போதும், விடு’ என்று அது சொல்வதுதான். அதட்டலும் அடியும் வேண்டவே வேண்டாம். அடித்தால் ஒடுங்கிவிடும், சாப்பாட்டை விட்டுவிடும், பிறகு கூப்பிட்டாலும் கிட்ட வராது.

அடுத்தது ஓட்டம். கரிசல் காட்டில் முயலைக் கண்ணால் பார்த்தே விரட்டிப் பிடிக்க வளர்த்த நாய் இது. 1972 வனவிலங்குச் சட்டப்படி இன்று அந்த வேட்டை குற்றம், ஆனால் ரத்தத்தில் இருப்பது போய்விடாது. பூனை, அணில், காற்றில் பறக்கிற பிளாஸ்டிக் பை என்று எது அசைந்தாலும் பாயும். பாய்ந்த பிறகு நீ கத்துவது காதில் ஏறாது. எவ்வளவு பழகினாலும் தெருவில், பூங்காவில் அவிழ்த்து விடாதே. ஆறடிச் சுவரோ வேலியோ உள்ள மைதானம் கிடைத்தால் வாரம் இரண்டு மூன்று தடவை பத்து நிமிடம் ஓடவிடு. அதற்கு முன்னால் பத்து நிமிடம் நடக்க வைத்துவிட்டு விடு, இல்லாவிட்டால் தசை பிடித்துக்கொள்ளும். மற்றபடி காலையும் மாலையும் அரைமணி நேர நடை போதும், மீதி நேரம் பெரும்பாலும் தூங்கும். பால்கனிக்குக் கண்டிப்பாக வலை அடித்துவிடு.

கழுத்துப்பட்டை விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். இதன் தலை ஒடுக்கம். சாதாரண பெல்ட் என்றால் நாலடி பின்வாங்கித் தலையை உருவிக்கொண்டு போய்விடும். நான்கு சென்டிமீட்டர் அகல மார்டிங்கேல் பட்டை, அதாவது இழுத்தால் ஓர் அளவுக்கு மட்டும் இறுகுகிற பட்டை வாங்கு. காதுக்குக் கீழே உயரமாகப் போடு. முழுக்க இறுகினாலும் இரண்டு விரல் நுழைய வேண்டும், தலை வெளியே வரக்கூடாது. இழுக்க இழுக்க நீளுகிற லீஷ் ஆகாது. அந்த நீளத்துக்குள் வேகம் பிடித்துத் திடீரென்று நின்றால் கழுத்து அடிபடும்.

உடம்பில் கொழுப்பு கம்மி, தோல் மெல்லிசு. மெத்தை மூன்று அங்குலமாவது இருக்கட்டும். வெறும் டைல்ஸில் படுத்தால் முழங்கை தடித்துக் காய்ப்பு விழும், நீர் கோத்து வீங்கும். வழுக்குகிற தரையில் ரப்பர் பாய் விரி. டிசம்பர் குளிருக்கு ஒரு ஸ்வெட்டர் வேண்டும். வால் நுனி சுவரில் அடிபட்டுக் கிழிந்தால் ஆற நாளாகும், அதனால் ஒடுக்கமான இடத்தில் அதைக் குஷிப்படுத்தாதே.

கடைசி இரண்டு மூன்று விலா எலும்பு தெரிந்தால் அதுதான் சரியான உடம்பு. சோறு போடுவதில்லையா என்று அக்கம்பக்கம் கேட்கும், அதற்காகக் கொழுக்க வைத்துவிடாதே. முதுகெலும்பும் இடுப்பெலும்பும் குத்திக்கொண்டு நின்றால்தான் கவலைப்படணும். பதினெட்டுக் கிலோ நாய்க்கு நாளைக்கு வேகவைத்த எலும்பில்லாத கோழி 300 கிராம், சோறு 300 கிராம், ஒரு முட்டை, பூசணியோ கேரட்டோ கொஞ்சம். இதை இரண்டு வேளையாகப் பிரித்துக் கொடு. முட்டை ஓட்டை வறுத்து மாவாகப் பொடித்து அரைத் தேக்கரண்டி கலந்துவிடு. இறைச்சியிலும் சோற்றிலும் சுண்ணாம்புச் சத்து போதாது. வெங்காயம், திராட்சை, சாக்லேட், வேகவைத்த எலும்பு நான்கும் ஆகாது. மார்பு ஆழமான நாய்க்கு வயிறு உப்பி முறுக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு; சாப்பிட்டு ஒன்றரை மணி நேரம் ஓடவிடாதே. வயிறு உப்பி, வாந்தி வராமல் ஓங்கரித்தால் நடுராத்திரி என்றாலும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பு.

வாரம் ஒருதரம் காது மடல், விரல் இடுக்கில் உண்ணி பார். சோர்ந்து படுத்து, ஈறு வெளுத்து, மூக்கில் ரத்தம் எட்டிப்பார்த்தால் உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம், அன்றைக்கே ரத்தப் பரிசோதனை செய். நாய் நன்றாக இருக்கும்போதே ஒரு தடவை ரத்தம் எடுத்து வைத்துக்கொள். கிரேஹவுண்ட் மாதிரி வேட்டை ஓட்ட நாய் வகைகளில் நல்ல ஆரோக்கியத்திலேயே ரத்தத் தட்டணுக்கள் குறைவாகவும் சிவப்பணு அளவு கூடுதலாகவும் இருக்கும். ஒப்பிட்டுப் பார்க்க முந்தைய சீட்டு வேண்டும். அந்த வகைக்குத் தயோபென்டோன் மயக்க மருந்து கொடுத்தால் தெளிய ரொம்ப நேரம் ஆகும். நம் நாய்க்கும் அதே எச்சரிக்கை வேண்டும், கருத்தடைக்குப் போகும்போது டாக்டரிடம் சொல்லிவிடு. ஊசி அட்டையில் ‘நாட்டு நாய்’ என்று எழுதினால் ஒத்துக்கொள்ளாதே. ஹரியானா கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபணு வளப் பணியகத்திலேயே சிப்பிப்பாறை தனி இனமாகப் பதிவாகியிருக்கிறது.

வண்டி ஏற்றுகிற நாளில் கிளம்புவதற்கு நாலு மணி நேரம் முன்னாலிருந்து சாப்பாடு கொடுக்க வேண்டாம் என்று நாயைக் கொடுக்கிறவர்களிடம் சொல். முதல் நாள், புது இடத்தில் கார் கதவு திறக்கிற நேரத்தில் நாய் தப்பி ஓடிவிடலாம். பட்டையையும் மார்பில் மாட்டுகிற ஹார்னஸையும் உள்ளேயே மாட்டி, இரண்டு கயிற்றையும் கையில் சுற்றிக்கொண்ட பிறகு கதவைத் திற.

அன்புடன்,
அப்பா