அமெரிக்க–சீன ஆய்வு மையங்களை வெறும் பேச்சு என்று ஒதுக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் அமெரிக்கா–சீனா மோதல் பற்றிய கட்டுரையைப் படித்தேன். இறக்குமதி வரி, சில்லு, தைவான் எல்லாம் நன்றாகவே விளக்கப்பட்டிருந்தன. ஆனால் கடைசிப் பக்கத்தில், இந்த உறவைப் பற்றிப் பல்கலைக்கழகங்களில் நடக்கும் ஆய்வும் கூட்டங்களும் வெறும் பேச்சு, அதனால் எதுவும் மாறப்போவதில்லை என்று ஒரே பத்தியில் முடித்துவிட்டார் கட்டுரையாளர். அதை என்னால் ஏற்க முடியவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

நான் வேலை நிமித்தமாகத் தெற்குக் கலிபோர்னியாவில் வசிப்பவன். இங்கே தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் 2006-இல் தொடங்கிய அமெரிக்க–சீன நிறுவனம் இருக்கிறது. சீனாவில் பணியாற்றிய அமெரிக்கச் செய்தியாளர்களைத் தேடிப் பிடித்துப் பேட்டி எடுத்து, 1940-களிலிருந்து தொடங்கும் ஒரு ஆவணப்பட வரிசையையே இவர்கள் தயாரித்திருக்கிறார்கள். கொஞ்சம் தெற்கே போனால் சான் டியேகோவில் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் 21-ஆம் நூற்றாண்டுச் சீன மையம். அதைத் தொடங்கிய சூசன் ஷிர்க், கிளின்டன் ஆட்சியில் வெளியுறவுத் துறையில் சீன விவகாரங்களைக் கவனித்தவர். இப்படிப்பட்ட மையங்கள் நடத்தும் பொதுக்கூட்டங்களுக்கு யார் வேண்டுமானாலும் போகலாம், பெரும்பாலும் கட்டணம் கிடையாது. நேரம் கிடைக்கும்போதெல்லாம் நானும் போய் உட்காருவேன்.

ஒரு மாலை, சீன உள்ளாட்சிகளின் கடன் பற்றி ஒரு இளம் ஆய்வாளர் பேசினார். நிலத்தின் பயன்பாட்டு உரிமையை விற்ற பணத்தை நம்பித்தான் உள்ளூர் அரசுகள் சாலையும் பாலமும் கட்டின, வீட்டு வியாபாரம் படுத்ததும் அந்த வரும்படி சுருங்கியது என்று வரைபடம் போட்டுக் காட்டினார். கேள்வி நேரத்தில், சீனாவிலிருந்து மரச்சாமான் இறக்குமதி செய்யும் ஒரு பெரியவர் எழுந்து, தான் சரக்கு எடுக்கும் ஊரில் பள்ளி ஆசிரியர்களுக்கே சம்பளம் தாமதமாக வருகிறது என்றார். ஆய்வாளர் பேச்சை நிறுத்திவிட்டு, எந்த மாகாணம், எப்போதிலிருந்து என்று கேட்டு அங்கேயே குறித்துக்கொண்டார். பின்வரிசையில் ஏழெட்டு சீன மாணவர்கள் இருந்தார்கள், ஒருவர்கூட ஒலிவாங்கியைத் தொடவில்லை. கூட்டம் முடிந்து காபி மேசைக்கு வந்த பிறகு அவர்கள்தான் அதிகம் பேசினார்கள், தங்கள் ஊரில் பாதியில் நின்றுபோன அடுக்குமாடிகளைப் பற்றி, முன்பணம் கட்டிவிட்டுக் காத்திருக்கும் உறவினர்களைப் பற்றி. உரை முழுவதும் பதிவாகி யூடியூபுக்குப் போகும் என்பது அவர்களுக்குத் தெரியும். கூட்டம் நடத்துபவர்கள் கேள்வி நேரத்தை மட்டுமாவது பதிவு செய்யாமல் விட வேண்டும் என்பது என் எண்ணம்.

சரி, இதனால் என்ன மாறிவிடும் என்று கட்டுரையாளர் கேட்கலாம். பழைய கதை ஒன்றைச் சொல்கிறேன். 1978-இல் ஜிம்மி கார்ட்டரின் அறிவியல் ஆலோசகர் பிராங்க் பிரஸ் பெய்ஜிங் போயிருந்தபோது, 5,000 மாணவர்களை அமெரிக்காவுக்கு அனுப்பலாமா என்று சீனத் தலைவர் டெங் சியாவோபிங் கேட்டார். பிரஸ் வாஷிங்டனுக்கு போன் போட, அங்கே அதிகாலை மூன்று மணி. தூக்கத்திலிருந்து எழுந்த கார்ட்டர், ஒரு லட்சம் பேரை அனுப்பச் சொல் என்றாராம். இதைக் கார்ட்டரே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். அந்த ஆண்டு டிசம்பர் கடைசியில் முதல் 52 பேர் வந்து இறங்கினார்கள். இரு நாடுகளுக்கும் அப்போது தூதரக உறவுகூட இல்லை, அது 1979 ஜனவரி 1-ஆம் தேதிதான் ஏற்பட்டது. மாணவர்கள் முன்னால் வந்தார்கள், தூதர்கள் பின்னால்தான் வந்தார்கள். அதே ஜனவரி 31-ஆம் தேதி கார்ட்டரும் டெங்கும் அறிவியல் தொழில்நுட்ப ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள்.

இப்படித் தொடங்கிய கூட்டு ஆய்வுகளால் நம் வீடு வரைக்கும் பலன் வந்திருக்கிறது. கருவுற்ற பெண்களுக்கு மருத்துவர் ஃபோலிக் அமில மாத்திரை எழுதிக் கொடுக்கிறாரே, தினம் 400 மைக்ரோகிராம் சாப்பிட்டால் குழந்தையின் முதுகுத்தண்டு, மூளைக் குறைபாடுகள் வெகுவாகக் குறையும் என்பதைப் பெரிய அளவில் காட்டியது, பெய்ஜிங் மருத்துவப் பல்கலைக்கழகமும் அமெரிக்க நோய்த் தடுப்பு மையமும் 1990-களில் சீனாவில் சேர்ந்து நடத்திய ஆய்வு. ஏறக்குறைய இரண்டரை லட்சம் பெண்கள் அதில் பங்கெடுத்தார்கள், முடிவு 1999-இல் வெளியானது. இதையும் வெறும் பேச்சு என்று சொல்வார்களா?

இப்போதைய நிலைமைக்கு வருகிறேன், எனக்கு உண்மையில் கவலை தருவது இதுதான். 2019–20-இல் அமெரிக்காவில் படித்த சீன மாணவர்கள் 3 லட்சத்து 72 ஆயிரம் பேர். 2023–24-இல் அது 2 லட்சத்து 77 ஆயிரமாகக் குறைந்தது, இந்திய மாணவர்கள் முதலிடத்துக்கு வந்தார்கள். நம் பத்திரிகைகள் இதைக் கொண்டாடின. ஆனால் எதிர்த்திசையில் போனவர்களின் கணக்கை யாரும் கவனிக்கவில்லை. 2011–12-இல் ஏறக்குறைய 15,000 அமெரிக்க மாணவர்கள் சீனாவில் படித்தார்கள். கொரோனா காலத்தில், 2021–22-இல், அது 211. சரி, அது ஊரடங்குக் காலம் என்று வைத்துக்கொள்வோம், அடுத்த ஆண்டும் 500-ஐத் தாண்டவில்லை. சீன மொழி தெரிந்து, அங்கே வாடகை வீட்டில் இருந்து, சந்தையில் பேரம் பேசிப் பழகிய அமெரிக்கர்கள் இன்னும் பதினைந்து வருடத்தில் எத்தனை பேர் இருப்பார்கள்? அப்போது தைவான் நீரிணையில் ஒரு நெருக்கடி வந்தால், எதிரில் இருப்பவரின் அறிக்கையில் எது மிரட்டல், எது உள்ளூர் மக்களுக்காகச் சொன்னது என்று அமெரிக்க அதிபருக்கு யார் பிரித்துச் சொல்வார்கள்?

இது தானாக நடந்த சரிவு மட்டும் அல்ல. மாணவர்களையும் அறிஞர்களையும் பிற நாடுகளோடு பரிமாறிக்கொள்ளும் அமெரிக்க அரசின் ஃபுல்பிரைட் திட்டத்தின் முதல் ஒப்பந்தமே 1947-இல் சீனாவோடுதான் கையெழுத்தானது, அந்தத் திட்டத்தில் சீனாவுக்கும் ஹாங்காங்குக்கும் உரிய பகுதியை 2020 ஜூலையில் டிரம்ப் ஒரே ஆணையில் நிறுத்தினார். அடுத்து வந்த பைடனும் அதைத் திரும்பக் கொண்டுவரவில்லை. அமெரிக்க நீதித் துறை 2018-இல் தொடங்கிய ‘சீன முனைப்பு’ என்ற நடவடிக்கையில், தொழில்நுட்பத் திருட்டைப் பிடிக்கிறோம் என்று ஆரம்பித்து, விண்ணப்பப் படிவத்தில் எதை எழுதவில்லை என்று பேராசிரியர்களைத் துருவ ஆரம்பித்தார்கள். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனப் (எம்.ஐ.டி.) பேராசிரியர் காங் சென் 2021 ஜனவரியில் கைது செய்யப்பட்டார், ஒரு வருடம் கழித்து அரசே வழக்கைத் திரும்பப் பெற்றது. அந்த நடவடிக்கை 2022-இல் முடிந்தது, அது விதைத்த பயம் போகவில்லை. தவறே நடக்கவில்லை என்று நான் சொல்ல வரவில்லை. ஹார்வர்டு பேராசிரியர் சார்லஸ் லீபர் சீனாவின் ஊகான் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத் தொடர்பை மறைத்ததற்காக நீதிமன்றத்தில் தண்டிக்கப்பட்டார், அது நியாயமான வழக்குதான். அப்படி ஆதாரம் உள்ள இடத்தில் வழக்குப் போடுங்கள். அதற்காகக் கவிதையும் கிராமப் பொருளாதாரமும் படிப்பவர்களையும் சேர்த்து ஏன் விரட்ட வேண்டும்?

சீனா மட்டும் திறந்த வீடாக இருக்கிறதா என்றால், இல்லை. அங்கே ஆவணக் காப்பகங்களில் முன்பு பார்க்கக் கிடைத்த கோப்புகள் இப்போது கிடைப்பதில்லை, கல்விக் கட்டுரைகளின் பெரிய தரவுத்தளமான சி.என்.கே.ஐ.-யில் சில பகுதிகளை வெளிநாட்டவருக்கு 2023-இல் மூடிவிட்டார்கள், அதே ஆண்டு உளவுத் தடுப்புச் சட்டத்தின் வரையறையை விரித்தார்கள். களத்தில் போய்க் கேள்வித்தாள் கொடுத்து ஆய்வு செய்வது வெளிநாட்டவருக்கு ஆபத்தான வேலையாகிவிட்டது. 50,000 அமெரிக்க இளைஞர்களை ஐந்து வருடத்தில் அழைக்கிறோம் என்று ஷி ஜின்பிங் 2023 நவம்பரில் சான் பிரான்சிஸ்கோவில் அறிவித்தார், நல்ல விஷயம். ஆனால் இரண்டு வாரம் சுற்றிக்காட்டித் திருப்பி அனுப்புவதும் இரண்டு வருடம் நூலகத்தில் உட்கார விடுவதும் ஒன்றாகாது.

அப்படி உட்கார விடும் இடம் இன்னும் இருக்கிறது என்பதையும் உங்கள் வாசகர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகமும் நான்ஜிங் பல்கலைக்கழகமும் சேர்ந்து 1986-இல் நான்ஜிங்கில் தொடங்கிய மையம் அது. அமெரிக்க மாணவர்கள் அங்கே சீன மொழியில் பாடம் படிக்கிறார்கள், சீன மாணவர்கள் ஆங்கிலத்தில் படிக்கிறார்கள், விடுதியில் ஒரே அறையில் தங்குகிறார்கள். அங்குள்ள நூலகம் தணிக்கை இல்லாதது, அலமாரியிலிருந்து எந்தப் புத்தகத்தையும் தானே எடுத்துப் படிக்கலாம். இன்னொரு பக்கம், ஷாங்காய் ஜியாவோ டோங் பல்கலைக்கழகத்தோடு இருந்த கூட்டு நிறுவனத்திலிருந்து மிச்சிகன் பல்கலைக்கழகம் 2025 ஜனவரியில் விலகிக்கொண்டது. ஜார்ஜியா டெக் பல்கலைக்கழகம் அதற்குச் சில மாதங்கள் முன்பே சீனக் கூட்டை முறித்துக்கொண்டது. இரண்டுக்கும் பின்னால் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் நெருக்கடி இருந்தது.

உங்கள் இதழ் இந்த விஷயத்துக்கு ஒரு பத்தியோடு நிற்காமல் ஒரு முழுக் கட்டுரை ஒதுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். நான்ஜிங் மையத்தில் படித்துவிட்டு வந்த ஒருவரையோ, இங்குள்ள ஒரு மையத்தின் ஆய்வாளரையோ பேட்டி எடுங்கள். ஃபுல்பிரைட் ஆணையைத் திரும்பப் பெற முடியுமா, அதற்கு யார் தடை என்பதை முதல் கேள்வியாகக் கேளுங்கள். மேலே சொன்ன இரண்டு கலிபோர்னியா மையங்களின் பல உரைகள் இணையத்தில் இலவசமாகவே இருக்கின்றன, கட்டுரையாளருக்கு உதவுமென்றால் நான் கேட்டவற்றில் நல்லவற்றின் பட்டியலைத் தனியாக அனுப்பி வைக்கிறேன்.

அன்புடன்,
ஒரு வாசகர்,
தெற்குக் கலிபோர்னியா