ஒரு லிட்டரில் ரெண்டு பைசா

ஆசிரியருக்கு வணக்கம்.

பெட்ரோல் விலை பற்றிப் போன இதழில் ஒரு வாசகர் எழுதியிருந்தார். மத்திய அரசு வாங்கும் வரியிலும் பாதிக்குக் கிட்டே மாநிலங்களுக்குத்தானே திரும்பி வருகிறது, அப்புறம் என்ன புலம்பல் என்பது அவர் கேள்வி. நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். விருதுநகரில் நாலைந்து கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறவன் நான், பில் என்று ஒன்று கையில் கிடைத்தால் கூட்டிப் பார்க்காமல் கீழே போட மனசு வராது.

போன வாரம் சட்டைப்பையைத் துழாவியபோது ரெண்டு பில் வந்தது. ஒன்று ஓட்டல் பில்: 160 ரூபாய்க்குச் சாப்பாடு, கீழே சிஜிஎஸ்டி 4 ரூபாய், எஸ்ஜிஎஸ்டி 4 ரூபாய். டெல்லிக்கு இவ்வளவு, சென்னைக்கு இவ்வளவு என்று பளிச்சென்று போட்டிருக்கிறது. இன்னொன்று பங்க்கில் கொடுத்த சீட்டு. விலை, லிட்டர், தொகை, அவ்வளவுதான். வரி என்று ஒரு வரிகூட இல்லை.

சரி, நாமே போட்டுப் பார்ப்போம் என்று உட்கார்ந்தேன். 2025 ஏப்ரலில் ஏற்றியபோது ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு மத்திய கலால் வரி 21 ரூபாய் 90 பைசா ஆனது, அந்தக் கணக்கையே எடுத்துக்கொண்டேன். கேட்பதற்கு ஒரே வரி, உள்ளே நாலு: அடிப்படைக் கலால் 1.40, சிறப்புக் கூடுதல் கலால் 13, சாலை உள்கட்டமைப்பு செஸ் (ஒரு காரியத்துக்கென்று தனியாக வாங்கும் வரி) 5, வேளாண் உள்கட்டமைப்பு செஸ் 2.50. அரசியல் சாசனத்தின் 270வது பிரிவுப்படி மத்திய வரிகளை மாநிலங்களோடு பங்கு போட்டாக வேண்டும், ஆனால் செஸ்ஸும், வரிக்கு மேல் கூடுதலாகப் போடும் சர்சார்ஜும் அந்தப் பங்கில் சேராது. சிறப்புக் கூடுதல் கலாலும் சர்சார்ஜ் கணக்கில்தான் போகிறது. ஆக, பங்குக்கு வருவது அந்த 1.40 மட்டும். இந்தப் பங்கைப் பரிந்துரைக்கிற நிதிக்குழுவில் 15வது குழு எல்லா மாநிலங்களுக்குமாகச் சேர்த்து வைத்தது 41 சதவீதம், அதாவது 57 பைசா. அதில் 2026 மார்ச் வரை தமிழ்நாட்டுக்கு 4.079 சதவீதம். கால்குலேட்டரில் தட்டினால் ரெண்டு பைசாவும் கொசுறும் வருகிறது. நம்பாமல் இன்னொரு தடவை தட்டினேன், அதேதான். ஓட்டல் பில்லில் இருந்த 4 ரூபாய் சிஜிஎஸ்டியிலிருந்தே, அந்த 57 பைசாவைப் போல எல்லா மாநிலங்களுக்குமாகச் சேர்த்து, 1 ரூபாய் 64 பைசா பங்குக்குப் போய்விடுகிறது.

இது ஒரே நாளில் நடந்ததில்லை. 2018 பட்ஜெட்டில் அடிப்படைக் கலாலில் 2 ரூபாய் குறைத்தார்கள், கூடுதல் கலால் 6 ரூபாயை நீக்கினார்கள், 8 ரூபாய்க்குச் சாலை செஸ் போட்டார்கள். 2021 பட்ஜெட்டில் வேளாண் செஸ் வந்தது, அதற்கு ஈடாக அடிப்படைக் கலாலை 2.98லிருந்து 1.40 ஆக்கி, சிறப்புக் கூடுதல் கலாலிலும் 1 ரூபாய் குறைத்தார்கள். இந்த மாற்றங்களால் பங்க் போர்டில் விலை ஏறவில்லை. வண்டிக்காரனுக்கு ஒன்றும் தெரியாது, மாநிலத்தின் பங்கு மட்டும் சத்தமில்லாமல் கரைந்தது.

பள்ளிக்கூடத்தில் எந்த அதிகாரம் யாருக்கு என்று மத்தியப் பட்டியல், மாநிலப் பட்டியல், பொதுப் பட்டியல் என்று மனப்பாடம் பண்ணினோமே, கூட்டாட்சி என்றால் அதுதான் என்று இத்தனை வயசுவரை நம்பிக்கொண்டிருந்தேன். கல்வியை மாநிலப் பட்டியலிலிருந்து பொதுப் பட்டியலுக்குக் கொண்டுபோக 42வது திருத்தம் தேவைப்பட்டது, இன்றைக்கும் மேடைக்கு மேடை பேசுகிறார்கள். மாநிலத்தின் வரிப் பங்கைக் கரைக்கப் பட்டியலில் கை வைக்கவே வேண்டாம். வரியின் பெயரை மாற்றினால் போதும்.

2022 மே மாதம் பெட்ரோலுக்கு 8 ரூபாய் குறைத்தபோது, பகிர வேண்டாத சாலை செஸ்ஸில்தான் குறைத்தோம், மாநிலங்களுக்கு இதில் பாதிப்பில்லை என்று நிதியமைச்சர் விளக்கினார். வாஸ்தவம்தான். பங்கு போடும் பாகத்தில் குறைக்க அப்போது 1.40க்கு மேல் என்ன மிச்சமிருந்தது?

மாநில அரசு மட்டும் ஒழுங்கா என்று கேட்டால், இல்லை. மாநிலம் வாங்கும் விற்பனை வரியான வாட்டில் ஒரு பகுதி கலாலும் சேர்ந்த விலை மேல் சதவீதமாகப் போடப்படுகிறது, அதனால் டெல்லி ஏற்றி அந்த விலையும் கூடினால் சென்னைக்கும் கொஞ்சம் சேருகிறது. பெட்ரோலை ஜிஎஸ்டிக்குள் கொண்டுவரலாமே என்றால் மாநிலங்களே கையை விரிக்கின்றன, மதுவை விட்டால் கையில் மிச்சமிருக்கும் பெரிய வருமானம் அது.

செஸ் பணத்தில் ரோடு போடுகிறார்கள் என்பதையும் மறுக்கவில்லை, அந்த நாலுவழிச் சாலையில்தான் நானும் மதுரைக்குப் போய் வருகிறேன். செஸ்ஸுக்காவது ரோடு, வயல் என்று ஒரு காரணம் எழுதியிருக்கிறது. சிறப்புக் கூடுதல் கலால் என்ற அந்த 13 ரூபாய்க்கு அதுவும் கிடையாது.

உங்களிடம் கேட்பது ஒன்றுதான். பெட்ரோல் விலைச் செய்தி போடும்போது மத்திய வரி, மாநில வரி என்று ரெண்டு கட்டத்தோடு நிறுத்திவிடுகிறீர்கள். மத்திய வரிக் கட்டத்துக்குள் இன்னொரு கோடு போட்டு, பங்குக்கு வருவது எவ்வளவு, வராதது எவ்வளவு என்று பிரித்துப் போடுங்கள். இடம் ஒன்றும் அதிகம் பிடிக்காது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
விருதுநகர்.