பேரன் பெயர் ஆதன்

அன்புள்ள நண்பா,

பேரன் பிறந்த செய்தியை வீட்டில் இரண்டு முறை வாசித்துக் காட்டினேன். வலக்கண்ணில் புரை எடுத்து ஒரு மாதமாகிறது. சொட்டு மருந்து நின்றபின் நிதானமாக எழுதலாம் என்றிருந்தேன். ஆனால் ஆதன் என்று பெயர் வைக்க உன் மகன் ஆசைப்படுவதையும், உன் அண்ணன் அகராதியைப் புரட்டி 'அறிவிலி, குருடன் என்றல்லவா போட்டிருக்கிறது' என்று தடுப்பதையும் படித்தபின் மனம் பொறுக்கவில்லை.

அகராதியில் அப்படி இருப்பது மெய்தான். அண்ணன் மீது குற்றமில்லை. ஆனால் சங்கப் பாட்டில் ஆதன் என்பது வசைச்சொல் அன்று, மன்னர் பெயர். செல்வக் கடுங்கோ வாழியாதன் என்றொரு சேரன் இருந்தான். கரூருக்கு அருகே புகளூர் ஆறுநாட்டார் மலையில் 'கோ ஆதன் செல்லிரும்பொறை' என்று கல்லிலேயே வெட்டியிருக்கிறார்கள். ஐங்குறுநூற்றின் முதல் பத்துப் பாட்டும் 'வாழி ஆதன் வாழி அவினி' என்றுதான் தொடங்குகின்றன. முதல் பாட்டில் அடுத்த அடி, 'நெற்பல பொலிக, பொன்பெரிது சிறக்க'. தொட்டிலில் கிடக்கும் பிள்ளையை வாழ்த்த இதைவிட நல்ல சொல் எனக்குத் தெரியவில்லை.

மன்னர்களை விடு. சென்ற வாரம் கீழடி அருங்காட்சியகத்துக்குப் போயிருந்தேன். அங்கே கிடைத்த பானை ஓடுகளில் தமிழி என்ற பழந்தமிழ் எழுத்தில் ஆதன் என்ற பெயர் இருக்கிறது; ஒன்றில் குவிரன் ஆதன் என்று. சுட்ட பானையின் மேல் கூரான எதையோ வைத்துக் கீறியிருக்கிறார்கள். கோடுகள் மெல்லியவை, கொஞ்சம் கோணல். புதுக் கண்ணால் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். இது என் பானை என்று யாரோ ஒரு குடும்பத்துக்காரர் போட்ட அடையாளம் அது! 2019-இல் தமிழ்நாடு தொல்லியல் துறை வெளியிட்ட அறிக்கை, அந்த அகழாய்வில் 353 செ.மீ. ஆழத்தில் எடுத்த மாதிரிக்கு கி.மு. 580 என்று காலம் சொல்கிறது. வேந்தனும் சூடிய பெயர், வீட்டுப் பானையிலும் இருந்த பெயர். இதில் என்ன குறை?

உன் மகனுக்கும் ஒரு செய்தி உண்டு. தொல்காப்பியத்தில் 'ஆதனும் பூதனும்' என்று ஒரு நூற்பா வருகிறது. ஆதன் தந்தை என்ற இரு சொல்லும் சேர்ந்து ஆந்தை ஆகும். பூதன் தந்தை பூந்தை ஆகும். பறவைக்கும் இதற்கும் ஒட்டுறவில்லை. பிள்ளை பெயரால் தகப்பனை அழைத்த காலம் அது. பிசிராந்தையாரின் பெயரும் இப்படி வந்ததுதான், பிசிர் என்ற ஊரின் ஆந்தை. கோப்பெருஞ்சோழனை ஒரு முறையும் பாராமலே நட்புக்கொண்டு, அவன் உண்ணாநோன்பால் உயிர்விட வடக்கிருந்தபோது தேடிப் போய்ச் சேர்ந்தாரே, அவரேதான். பள்ளியில் அந்தப் பாடத்தை நீதான் எழுந்து நின்று வாசித்தாய். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

அண்ணனிடம் இந்தக் கடிதத்தை அப்படியே கொடு. பெயர் சூட்டும் நாளை உடனே எழுது. மருத்துவர் பஸ் பயணம் போகலாம் என்று சொல்லிவிட்டார், நான் வருகிறேன். நம் ஆந்தையை இரவில் கொஞ்சம் தூங்கச் சொல்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்