'முழு தானியம்' எத்தனை சதவீதம்? குழந்தை உணவு லேபிள் விதிகளை வகுப்போருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

வணக்கம். தவிடு, முளை, மாவுப்பகுதி மூன்றும் மணியில் இருந்த விகிதத்திலேயே இருந்தால்தான் அது முழு தானியம் என்பதை உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆறு மாதம் நிறைந்ததும் திட உணவு தொடங்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம், அதுவும் தெரியும். தெரிந்தும் இப்படி ஒரு குழந்தைத் தானிய உணவு டப்பா கடைக்கு வருகிறதே, அதனால்தான் இந்த மடல்.

முன்பக்கத்தில் கதிர் படம், கொட்டை எழுத்தில் 'முழு தானிய நன்மை'. பின்பக்கத்தில், எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்தில், முதலில் சுத்திகரித்த கோதுமை மாவு, அடுத்து பால் பவுடர், மூன்றாவது சர்க்கரை, நான்காவதாகத்தான் முழு ஓட்ஸ் மாவு. பட்டியல் எடை வரிசைப்படி இறங்குவது. அதாவது சர்க்கரையைவிட ஓட்ஸ் கூடுதலாக இருக்க வழியே இல்லை. 'சர்க்கரை சேர்க்கவில்லை' என்று போடும் டப்பா இன்னும் கெட்டிக்காரத்தனமானது. மாவை என்சைம் (நொதி) கொண்டு உடைத்தால் ஸ்டார்ச்சே மால்டோஸ், குளுக்கோஸ் என்ற சர்க்கரைகளாக மாறி இனிக்கும். வெளியிலிருந்து ஒரு சிட்டிகை போடவில்லை என்பது உண்மைதான்.

எங்கள் கோரிக்கை ஒன்றுதான். முழு தானியம் எத்தனை சதவீதம், சேர்த்ததும் உருவானதுமாகச் சர்க்கரை 100 கிராமுக்கு எத்தனை கிராம் என்று முன்பக்கத்தில், 'முழு தானியம்' என்ற சொல் எந்த அளவில் இருக்கிறதோ அதே அளவு எழுத்தில் போடச் சொல்லுங்கள்.

தவிடு இருந்துவிட்டால் எல்லாம் சரி என்றும் நாங்கள் சொல்லவில்லை. தவிட்டில் உள்ள ஃபைட்டிக் அமிலம் இரும்பையும் துத்தநாகத்தையும் பிடித்துக்கொள்ளும், உடலில் சேர விடாது. ஆறு மாதத்தில்தான் குழந்தை பிறக்கும்போது கொண்டுவந்த இரும்பு இருப்பு குறையத் தொடங்கும். தாய்ப்பாலில் இரும்பு மிகக் குறைவு. வீட்டில் செய்பவர்கள் கோதுமையை இரவு முழுக்க ஊறவைத்து, தண்ணீரைக் கொட்டி, ஒன்றிரண்டு நாள் முளைகட்டி, உலர்த்தி, வறுத்து அரைத்தால் இந்த அமிலம் கணிசமாகக் குறையும். ஓட்ஸை ஊறவைப்பதில் அந்தப் பலன் இல்லை. ஆலையில் சூடாக்கும்போதே அந்த அமிலத்தை உடைக்க வேண்டிய என்சைம் செத்துவிடுகிறது. டப்பாவில் இரும்பு சேர்த்திருந்தால், அது எளிதில் உறிஞ்சப்படும் ஃபெரஸ் ஃபியூமரேட்டா, வெறும் இரும்புத் தூளா என்று வாங்குபவர் தெரிந்துகொள்ள வேண்டாமா?

இதைவிடப் பெரிய சங்கடம் கலக்கும் அளவில் இருக்கிறது. தவிட்டு மாவு சூட்டில் சட்டென்று இறுகும். 'கெட்டியானால் தண்ணீர் சேர்க்கவும்' என்று டப்பா சொல்கிறது, தாயும் சேர்க்கிறார். 15 கிராம் மாவு 200 மில்லி கஞ்சியாகும்போது அதில் இருப்பது சுமார் 55 கிலோ கலோரி. அதே 200 மில்லி தாய்ப்பாலில் 130 இருக்கும். எட்டு கிலோ எடையுள்ள குழந்தையின் வயிறு ஏறக்குறைய 240 மில்லிதான் கொள்ளும். கஞ்சியிலேயே வயிறு நிரம்பி, பாலை மறுத்து, எடை ஏறாமல் நிற்கிறது குழந்தை. 'நன்றாகத்தானே சாப்பிடுகிறது' என்கிறார்கள் வீட்டில்.

செய்யவேண்டியது இவ்வளவுதான்: 15 கிராம் மாவை 100 மில்லி தண்ணீரில் வேகவைத்து, சற்று ஆறியதும் முளைகட்டிய தானிய மாவு அரை டீஸ்பூன் கலக்க வேண்டும். கொதிக்கும்போதே போட்டால் கூழைத் தளர்த்தும் என்சைம் அழிந்துவிடும். சில நிமிடங்களில் கூழ் தளரும். பிறகு மறுபடி ஒரு கொதி விட்டே ஆகவேண்டும், முளைகட்டிய மாவில் கிருமி இருக்கும். கடைசியில் ஒரு டீஸ்பூன் எண்ணெய். இப்போது பாதி அளவிலேயே சுமார் 100 கிலோ கலோரி. ஸ்பூனைச் சாய்த்தால் ஒழுகாமல் நிற்பதுதான் பதம். பக்கத்தில் ஏதாவது மசித்த பழம், வைட்டமின் சி உள்ளதாக. இதை அச்சிட நான்கு வரி போதும். கதிர் படத்தைக் கொஞ்சம் சுருக்கினால் இடம் கிடைக்கும்.

விதி ஏற்கெனவே இருக்கிறது என்பீர்கள். இருக்கிறது. பாலில் கலக்கும் குழந்தைத் தானிய உணவில் 100 கிலோ கலோரிக்கு 7.5 கிராம் வரை சர்க்கரை சேர்க்க கோடெக்ஸ் என்ற சர்வதேச உணவுத் தரமே இடம் தருகிறது. ஒரு கிராம் சர்க்கரைக்கு 4 கிலோ கலோரி என்று கணக்குப் போட்டால் மொத்த ஆற்றலில் 30 சதவீதம். பெரியவர்களுக்கும் சிறுவர்களுக்கும் 10 சதவீதத்துக்குள் நிறுத்தச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். பல் முளைக்காதவர்களுக்குத் தாராளம் காட்டலாம் என்று நினைத்தார்களோ என்னவோ!

கோபத்தில் எழுதியதாகத் தோன்றினால் பொறுத்தருள்க. இதற்குப் புதிய ஆய்வுக்கூடமோ நிதியோ வேண்டாம். சதவீதம் தயாரிப்பாளர்களுக்குத் தெரியும், அவர்கள்தானே கலக்குகிறார்கள். முழு தானியம் எத்தனை சதவீதம், சர்க்கரை எத்தனை கிராம்: முன்பக்கத்தில், அதே அளவு எழுத்தில். திருத்த வரைவை எப்போது வெளியிடுவீர்கள் என்று தெரிவிக்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
குழந்தை ஊட்டச்சத்துப் பணியில் உள்ளோர்