இருந்தும் இல்லாத அட்மின்களுக்கு ஒரு மடல்

மதுரையில் ரத்ததான வாட்ஸ்அப் குரூப்புகளைத் தொடங்கி வைத்த அட்மின்களுக்கு வணக்கம்.

2021இல், கொரோனா இரண்டாம் அலையின்போது, உங்களில் பலர் ராப்பகலாகப் போனும் கையுமாகக் கிடந்தீர்கள். முன்பின் தெரியாதவர்களுக்கு ஆக்சிஜன் படுக்கை தேடிக் கொடுத்தீர்கள். அப்படி உருவான குரூப்புகளில் சில இன்று ரத்ததானக் குரூப்புகளாக இருக்கின்றன. நீங்கள் செய்ததை நாங்கள் மறக்கவில்லை. அதனால்தான் உங்களிடமே கேட்கிறேன்.

நான் இருக்கும் குரூப்புக்கு ஒரே அட்மின். வேலைக்காக வெளிநாடு போய்விட்டார். பட்டியலில் நம்பர் இருக்கிறது, ஆள் இல்லை. லோன் விளம்பரம், சூதாட்ட லிங்க், கல்யாணப் பத்திரிகை என்று சொல்லி ஏபிகே ஃபைல் (போனில் ஆப்பை ஏற்றும் ஃபைல்) என எல்லாம் வந்து விழுகின்றன. அந்த ஃபைலை இன்ஸ்டால் செய்தால் ஓடிபி திருடுபோய் வங்கிக் கணக்கே காலியாகலாம்.

இதைவிடக் கொடுமை, பழைய செய்திகள். "அவசரம். பெரியாஸ்பத்திரி. ஓ நெகட்டிவ் 2 யூனிட். உடனே அழைக்கவும்." தேதி கிடையாது. மேலூர்த் தம்பி ஒருவர் அதைப் பார்த்து, வேலையைப் போட்டுவிட்டு பஸ் பிடித்து மாட்டுத்தாவணியில் இறங்கி, அங்கிருந்து கோரிப்பாளையம் வந்து, ஆஸ்பத்திரி வாசலில் நின்று போன் போட்டார். எடுத்த அம்மா, "அவரு போயி ரொம்ப நாளாச்சுப்பா. இன்னும் போன் வந்துக்கிட்டேதான் இருக்கு" என்று அழுதுவிட்டார். ஓ நெகட்டிவ் ரத்தம் உள்ளவர்கள் கிடைப்பதே அரிது. அடுத்த தடவை கூப்பிட்டால் அந்தத் தம்பி கிளம்பி வருவாரா?

அட்மின் நினைத்தால் அந்தச் செய்தியை எல்லார் போனிலிருந்தும் அழித்திருக்கலாம். உறுப்பினர்கள் தாங்களாக அட்மின் ஆக வழியில்லை. ஒரே அட்மினும் வெளியேறினால்தான் வாட்ஸ்அப் தானாக இன்னொருவரை அட்மின் ஆக்கும், அதுவும் யாரையாவது. நீங்கள் வெளியேறவும் இல்லை, வந்து பார்க்கவும் இல்லை என்றால் குரூப் பூட்டிய வீடு மாதிரி கிடக்கிறது.

குரூப்பில் யாரோ போட்ட செய்திக்குத் தன் மேல் கேஸ், கோர்ட் என்று வருமோ எனப் பயந்து ஒதுங்கியவர்களும் உண்டு. அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் கரூர் வழக்கறிஞர்கள் குரூப் தொடர்பான வழக்கில், நம் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையே 2021 டிசம்பரில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது: அட்மினாக இருந்ததைத் தவிர வேறெதுவும் செய்யாதவரின் பெயரைக் குற்றப்பத்திரிகையிலிருந்து நீக்க வேண்டும்.

உங்களால் இனி முடியாது என்றால் தப்பே இல்லை. போவதற்கு முன் இரண்டு மூன்று பேரை அட்மின் ஆக்கிவிட்டுப் போங்கள். அதில் ஒருவராவது ரத்த வங்கிக்குப் போய்வந்து பழகியவராக, ராத்திரியிலும் போனை எடுப்பவராக இருக்கட்டும். தேதி, வார்டு, கூட இருப்பவரின் நம்பர் இல்லாமல் எந்தச் செய்தியும் நிற்கக் கூடாது, ரத்தம் கிடைத்ததும் அழித்துவிட வேண்டும் என்று அவர்களிடம் சொல்லுங்கள். ரத்தத்துக்குக் காசு கேட்பவரை அன்றே நீக்கச் சொல்லுங்கள். யாராவது பணத்தை ஏமாந்திருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு அழைக்க வேண்டும் என்பதையும் குரூப் விவரத்தில் எழுதி வைக்கலாம்.

பழைய நம்பரே கையில் இல்லாத அட்மின்கள், குரூப்பில் தெரிந்த யாரிடமாவது அதைச் சொல்லிவிடுங்கள். நாங்கள் புது குரூப் தொடங்கி, பழையதில் லிங்க் போட்டு ஆட்களை அழைத்துக்கொள்கிறோம். உங்களிடமிருந்து ஒரு வார்த்தை வராமல் அதைச் செய்யத்தான் தயங்கி நிற்கிறோம்.

அன்புடன்,
மதுரையிலிருந்து ஒரு ரத்தக் கொடையாளர்