டோனாவூர் அம்மா

ஆசிரியர் அவர்களுக்கு,

ஜனவரி 18 ஏமி கார்மைக்கேல் அம்மையாரின் நினைவு நாள் (1951). எங்கள் தோட்டத்து ஜெபக்கூட்டத்தில் இந்த வருஷமும் யாரும் பேச்செடுக்கவில்லை. திருநெல்வேலியிலிருந்து பால்மரம் (ரப்பர்) சீவ வந்த என் பாட்டி இருந்திருந்தால் விட்டிருக்க மாட்டார்.

அம்மையார் அயர்லாந்துக்காரர், கிறிஸ்தவ மிஷனரி. 1895-இல் இந்தியா வந்தவர் ஊர் திரும்பவே இல்லை. கோயிலுக்கு நேர்ந்துவிடப்பட்ட சிறுமிகளுக்குத் திருநெல்வேலிப் பக்கம் டோனாவூரில் அடைக்கலம் தந்தார். 1931-இல் விழுந்து அடிபட்டு, கடைசிவரை பெரும்பாலும் படுக்கைதான். எழுத்து மட்டும் நிற்கவில்லை. எனக்கு ஒருநாள் காய்ச்சலிலேயே ஜெபம் மறந்துபோகும்!

கல்லறைக்குக் கல் வேண்டாம் என்றாராம். பிள்ளைகள் பறவைகளுக்குத் தண்ணீர்த் தொட்டி வைத்து, 'அம்மா' என்று மட்டும் பொறித்தார்கள். பாட்டியும் லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு) வாசலில் கொட்டாங்கச்சியில் தண்ணீர் வைப்பார். மைனாக்கள் வரும்.

இப்படிக்கு,
தோட்டத்து வாசகி,
சுங்கை சிப்புட், பேராக்