பட்டையை மட்டும் எண்ணினால் போதாது

ஆசிரியருக்கு வணக்கம்.

ராணுவத்தில் எந்தப் பதவிக்கு எவ்வளவு சம்பளம் என்று போன வாரம் நீங்கள் போட்ட பட்டியலைப் பார்த்தேன். சிப்பாய்க்கு 21,700, நாயக்குக்கு 25,500, ஹவில்தாருக்கு 29,200, நாயப் சுபேதாருக்கு 35,400. ஏழாவது சம்பளக் கமிஷன் வைத்த தொகைதான், தப்பில்லை. ஆனால் இதெல்லாம் அந்தந்தப் பதவியில் தொடக்கச் சம்பளம். பக்கத்திலேயே எத்தனை வருட சர்வீஸ் என்று ஒரு கட்டம் போட்டிருக்க வேண்டும்.

நான் அம்பாசமுத்திரம் பக்கம். 2000-ல் சமையல் டிரேடில் சேர்ந்தேன். எங்கள் டிரேடில் காலியிடம் குறைவு, 17 வருடம் இருந்தும் பதவி உயர்வைக் காட்டுகிற பட்டை ஒன்றுகூட சட்டைக் கையில் ஏறவில்லை. லீவில் வந்து கல்யாண வீட்டுக்குப் போனால் "எய்யா, இன்னும் சிப்பாயாத்தான் இருக்கியா?" என்று நாலு பேர் முன்னால் கேட்பார்கள், எங்கம்மா முகம் சுருங்கிப்போகும். ஆனால் 8 வருடம் முடிந்ததும் நாயக் நிலைக்கும், 16 முடிந்ததும் மூன்று பட்டை போட்ட ஹவில்தார் நிலைக்கும் என் சம்பளம் ஏறிவிட்டது. எம்.ஏ.சி.பி. என்பார்கள். பதவி உயர்வு கிடைக்காதவனுக்கு 8, 16, 24 என்று வருடக் கணக்கில் சம்பளத்தை மட்டுமாவது ஏற்றித் தருகிற ஏற்பாடு. அது போக வருடா வருடம் 3 சதவீத இன்கிரிமென்ட், அப்புறம் சிப்பாயிலிருந்து சுபேதார் மேஜர் வரை எல்லோருக்கும் ஒரே மாதிரி 5,200 ரூபாய் ராணுவப் பணி ஊதியம், அதற்கும் சேர்த்து பஞ்சப்படி. இதை அம்மாவுக்குப் புரியும்படி சொல்ல எனக்கு அன்றைக்குத் தெரியவில்லை, அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

ஓய்வூதியமும் அப்படித்தான். ஜவானுக்கு 15 வருடம் முடிந்தால்தான் அந்தப் பேச்சே. 'ஒரே பதவி, ஒரே ஓய்வூதியம்' என்று பெயரிலேயே வருடத்தை விட்டுவிட்டார்கள், ஆனால் பதவியும் ஒன்றாக இருந்து சர்வீஸும் ஒன்றாக இருந்தால்தான் தொகை ஒன்றாக வரும். 17 வருடத்தில் ஓய்வுபெற்று வந்த ஹவில்தாரும் 24 வருடத்தில் ஓய்வுபெற்று வந்த ஹவில்தாரும் ஒரே தொகை வாங்குவதில்லை.

ராணுவத்தில் சேர விடிகாலையில் பாபநாசம் ரோட்டில் ஓடுகிற பையன்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன். இங்கே ஒரு பயிற்சி மையத்தில் "மாசம் 40,000" என்று சொல்லியே சேர்க்கிறார்கள். நாலு வருடத்துக்கு என்று எடுக்கிற அக்னிவீரருக்கு முதல் வருடம் 30,000, நாலாவது வருடம்தான் 40,000, அதிலும் 30 சதவீதம் சேவா நிதிக்குப் பிடித்தம் போகக் கையில் வருவது 28,000. பிடித்ததோடு அரசும் அதே அளவு போட்டுக் கடைசியில் மொத்தமாகத் தருகிறது, சரி. ஆனால் நாலு வருடத்துக்குப் பிறகு அதிகபட்சம் 25 சதவீதம் பேரைத்தான் நிரந்தரமாக எடுப்பார்கள், மற்றவர்களுக்கு எட்டாவது வருடமும் கிடையாது, பதினைந்தாவது வருடமும் கிடையாது. ஓடுகிற பையனுக்கு இது தெரிந்திருக்க வேண்டாமா?

அடுத்த முறை பட்டியல் போடும்போது பதவிக்குப் பக்கத்தில் 4, 8, 16, 24 என்று வருடங்களையும் போடுங்கள். விவரம் வேண்டுமென்றால் எழுதித் தர நான் தயார்.

முன்னாள் சிப்பாய்,
அம்பாசமுத்திரம் வட்டம்